இடது முன் சக்கரத்தில் ஓர் இழை ஆட்டம்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் குமரேசனின் பிக்கப் வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. முன்பக்கம் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. கண்ணாடியில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் புதிதாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வாடை இன்னும் போகவில்லை.

"மேஸ்திரி, வண்டி பேஜார் பண்ணுது. ஸ்டியரிங் ஆடுது," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

"எப்ப ஆடுது?"

"ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல. நேத்து மெட்ராஸ் போய்கினு இருந்தேன். ஆற்காடு தாண்டி பைபாஸ் ஏறி எழுபது தொட்டதும் ஆரம்பிச்சிடுச்சு. எண்பதுல ஜன்னி கண்டவன் கை மாதிரி நடுங்குது. தொண்ணூறு போனா கொஞ்சம் அடங்குது."

"பிரேக் புடிச்சா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. புடிச்சாலும் அதேதான், புடிக்காட்டியும் அதேதான்."

"பூஜைக்கு முன்னாடி இல்லையா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "லேசா இருந்துச்சு. ஒரு மாசமா. இப்பதான் ஜாஸ்தி," என்றான். பிறகு எதிர்க் கடையில் டீ குடிக்கப் போய்விட்டான்.

'ஒரு மாசமா' என்று அவன் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டு காரணங்கள்

இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் சிரிக்கும்படியான விஷயங்களையே எழுதி வந்தேன். இந்த வாரம் அப்படி எழுத முடியவில்லை. நான்கு நாட்களாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அன்று அந்த வண்டியின் ஆட்டத்துக்கு இரண்டு காரணங்களைக் கண்டுபிடித்தேன். ஒன்றைச் சொன்னேன். மற்றதைச் சொல்லாமல் விட்டேன். நான் சொல்லாமல் விட்டதால் குமரேசன் செத்துப்போனான். சொன்ன காரணத்தை வைத்து அவன் மனைவி தனத்தின் மேல் பழி போட்டார்கள். ஐந்தாறு வருடம் அதை அவள் சுமந்தாள். அவள் மேல் தப்பில்லை என்று ஊரில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் நின்றால் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் வருகிறது.

ஆட்டத்தைக் கேட்பது எப்படி

என் கடையில் இரண்டு வேலைதான். சக்கரத்தை நேராக்குவது, சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது. கார், வேன், பட்டுச் சேலை ஏற்றுகிற வண்டி, நெல் ஏற்றுகிற வண்டி எல்லாம் வரும்.

ஸ்டியரிங் ஆடுகிறது என்று வருகிறவரிடம் முதலில் நிறையக் கேட்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் கோளாறு பிரேக்கில். எழுபது எண்பதில் ஆடி, அதற்கு மேல் போனால் அடங்கினால் பெரும்பாலும் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கும். வயலில் இறங்கிய வண்டி என்றால் சக்கரத்தின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்டாலே சரியாகிவிடும். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் மூன்று கடைகளில் டயர் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். நான் இரண்டு சட்டிச் சேற்றை எடுத்துக் கொட்டி அனுப்பினேன்.

கேட்ட பிறகு கையால் பார்க்க வேண்டும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். சக்கரம் கல் மாதிரி நிற்க வேண்டும். ஆடக் கூடாது.

குமரேசன் வண்டியில் வலது சக்கரம் கல் மாதிரி நின்றது. இடது சக்கரம் 'டிக்' என்றது.

சத்தம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. காதுக்கு வரவில்லை, உள்ளங்கைக்குத்தான் வந்தது. மறுபடி அசைத்தேன். மறுபடி 'டிக்'.

அது பேரிங்காக இருக்கலாம். பேரிங் என்றால் இறுக்கிவிட்டால் போதும். பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கிற குண்டும் கிண்ணமும்தான் பால் ஜாயிண்ட். குண்டு தேய்ந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால், ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும். இது எதில் வருகிற ஆட்டம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்போது 'டிக்' நின்றுபோனால் பேரிங். நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

தனம் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கலசப்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போகிற வழி. மடியில் தட்டும் பூவும் இருந்தன.

"அம்மா, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து அந்த நடு பெடலைக் கொஞ்சம் மிதிங்க."

"இதுவா அண்ணா? வண்டி ஓடிடாதே?"

"ஓடாது. நல்லா மிதிங்க."

மிதித்தாள். நான் சக்கரத்தை அசைத்தேன். 'டிக்'.

தறிக்கு ஆகும் என்று

பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். விளிம்பில் எங்கேயும் ஈயத்துண்டைக் காணோம். எடை சமன் செய்கிறபோது நாங்கள் விளிம்பில் சின்ன ஈயத்துண்டுகளை அடித்துப் பொருத்துவோம். குமரேசன் வண்டிக்கு ஆறு மாதம் முன்னால் நானே அடித்திருந்தேன்.

"இதுல சின்னச் சின்னதா ஈயம் இருக்குமே?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டேன்.

தனம் தலையை வெளியே நீட்டினாள். "அதுவா? சக்கரத்துல ஏதோ ஒட்டிகினு இருந்துச்சு, பெயிண்ட் அடிக்க இடைஞ்சலா. ஸ்குரு டிரைவர் வெச்சு நெம்பிட்டேன். தூக்கிப் போடல அண்ணா. தறிக்கு ஆகும்னு எடுத்து வெச்சிருக்கேன்."

அவர்கள் வீட்டில் தறி இருக்கிறது. சேலையில் பூ விழுவதற்கு மேலேயிருந்து தொங்குகிற நூல்களின் அடியில் சின்ன எடை கட்டுவார்கள். ஈயம் என்றால் நெசவு வீட்டில் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். பூஜைக்கு ஒரே நாளில் தறியையும் துடைத்தார்கள், வண்டியையும் துடைத்தார்கள். இதிலிருந்து எடுத்து அதற்கு வைத்துவிட்டாள்.

அதற்குள் குமரேசன் டீ குடித்துவிட்டு வந்திருந்தான். காதில் விழுந்ததும் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கேளுங்க மேஸ்திரி இந்த அநியாயத்த! என் வண்டியைக் கழட்டி எடுத்துகினு போய் அவ தறியில மாட்டிகினு இருக்கா. இன்னும் ரெண்டு பூஜை போனா வண்டி பூரா தறியில இருக்கும், நான் நடந்துதான் மெட்ராஸ் போவணும்!"

"நீங்க ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா நான் ஏன் எடுக்கறேன்?" என்றாள் தனம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள்.

காத்திருந்த நாலைந்து டிரைவர்களும் சிரித்தார்கள். "அக்கா, எங்க வீட்டுல ஒரு தறி இருக்குது, பின்சக்கரத்து ஈயத்த எங்களுக்குக் குடுத்துடுங்க," என்றான் ஒருவன். குமரேசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்து.

நான் கையில் சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். 'இது மட்டும் இல்லை, இன்னொன்று இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது.

முன்னால் நடந்த ஒன்று

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பெரிய மனிதர் காரைக் கொண்டுவந்தார். டயருக்குக் காற்று பார்க்க வந்தவர். சக்கரத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் முனை தேய்ந்திருப்பது தெரிந்தது. சொன்னேன். அவர் எல்லாரையும் பார்த்து, "காத்து புடிக்க வந்தா கார் பூரா மாத்தணும்னு சொல்வான் போல இருக்குதே, இவன் கடை நல்லா வளரும்!" என்றார். அன்றும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் 'வேலை இழுத்துவிடுகிறவன்' என்று பேர் வாங்கினால் போயிற்று. அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் வந்துவிட்டது.

இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. குமரேசன் அந்த மாதிரி மனிதன் இல்லை. சொல்லியிருந்தால், "சரி மேஸ்திரி, மாத்திடு" என்றிருப்பான். வேலூரிலிருந்து சாமான் வர ஒரு நாள், மாற்ற அரை நாள். அவ்வளவுதான். ஆனால் ஒரு கோளாறுக்கு ஒரு காரணம் கிடைத்து, அது எல்லாருக்கும் பிடித்தும் போய்விட்டால், இரண்டாவது காரணத்தை அந்த இடத்தில் எடுத்து வைக்கப் பெரிய தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. அடுத்த முறை வரும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது ஈயம் அடித்து, சக்கரத்தை மெஷினில் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டியது. வண்டியை அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் குமரேசன் போன் செய்தான். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

"மேஸ்திரி, எங்கேர்ந்து பேசறேன் தெரியுமா? பைபாஸ்ல ஓரங்கட்டி நிக்கறேன். நூறு தொட்டேன். ஒத்த விரல்ல புடிச்சிகினு வந்தேன். உன் கைக்குத் தங்க மோதிரம் போடணும்யா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிப்பா, பார்த்துப் போ," என்றேன்.

ஆட்டம் இருந்தவரை எழுபதைத் தாண்டினால் அவனுக்கு ஒரு பயம் இருந்தது. ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அந்த வண்டி அவனிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஈயம் அடித்து அதன் வாயை மூடிவிட்டேன்.

போலீஸ் நிலையத்தின் பின்புறம்

மூன்று வாரம்கூட ஆகவில்லை. காவேரிப்பாக்கம் தாண்டி வண்டி சாலை நடுவில் இருந்த தடுப்புக் கட்டையில் ஏறிக் கவிழ்ந்தது. வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குமரேசனின் தம்பி சேகர் என்னைக் கூப்பிட்டான். வண்டியைப் பார்த்து, ஏதாவது தேறுமா என்று சொல்ல வேண்டும். சேகர் தறி நெய்கிறவன், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. போலீஸ் நிலையத்தின் பின்னால் முள்செடிக்கு நடுவில் போட்டிருந்தார்கள். சேலைக் கட்டுகளைச் சுற்றிய காகிதம் இன்னும் வண்டிக்குள் கிழிந்து கிடந்தது.

இடது முன் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி, ஒடிந்த கோழிக்கால் மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். குண்டு தனியாக, கிண்ணம் தனியாக இருந்தன. விளிம்பில் நான் அடித்த ஈயம் அப்படியே இருந்தது.

சேகர் அந்த வெள்ளிப் பெயிண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பூஜைக்கு நிக்கிற சக்கரத்த நெம்பி எடுத்தா வேற இன்னா ஆவும் மேஸ்திரி? அம்மா சொல்றது சரிதான். அண்ணி கைதான்," என்றான்.

நான் "ம்" என்றேன்.

அந்த 'ம்'மைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

சாவு வீட்டில்

அதற்குப் பிறகு தனத்தைப் பற்றி அங்கங்கே காதில் விழும். மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே அவளைத் தேவிகாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வர வேண்டும். தறியை அவள் தொடக் கூடாது. நூல் சுற்றிக் கொடுக்கலாம், அதுவரைக்கும்தான்.

நான் அந்தத் தெருவில் போவதையே நிறுத்திவிட்டேன். சந்தைக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிப் போவேன்.

போன தை மாதம் அந்த மாமியார் இறந்துபோனார். போகாமல் இருக்க முடியாது, போனேன். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தனம் பிடி அரிசியோடு வந்தாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி குறுக்கே கையை நீட்டி, "நீ தள்ளி நில்லும்மா. வண்டியச் சுரண்டின கை. ஆகாது," என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

தனம் தள்ளி நின்றாள். பிணத்தை எடுக்கும்வரை அந்த அரிசியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. கருமாதி முடியட்டும் என்று காத்திருந்தேன். பதினெட்டாம் நாள் மதியம் போனேன்.

நான் சொன்னது

தனம் முன் அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே சேகரின் தறிச் சத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா, தண்ணி குடுக்கட்டுமா?" என்று கேட்டவள், உடனே, "வேணாம்னா பரவால்ல," என்றாள்.

"குடும்மா," என்றேன். குடித்தேன். செம்பைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஜாயிண்ட் போயிருந்தது, அன்றே எனக்குத் தெரியும், ஈயம் எடுத்ததால் வண்டி கொஞ்சம் ஆடியிருக்குமே தவிர சக்கரம் மடங்கியிருக்காது, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று.

நூல் சுற்றும் சக்கரத்தின் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"அன்னிக்கேன்னா எப்போ? நான் பிரேக்க மிதிச்சேனே, அப்பவா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ ஆடிச்சு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன். நடுவில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"ஓர் இழை," என்றாள்.

"ஆமாம்மா."

"ஓர் இழை அறுந்தா நாங்க தறிய நிறுத்திடுவோம்ணா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே திரும்பி, "சேகரு, தறிய நிறுத்திட்டு வா," என்று கத்தினாள். அந்தக் குரலை அந்த வீடு ரொம்ப நாளாகக் கேட்டிருக்காது. சேகர் உடனே வந்துவிட்டான்.

"எங்கிட்ட சொன்னதை அப்படியே இவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. சேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அந்த வண்டிக்கிட்ட நான் சொன்னப்போ நீ 'ம்'னு சொன்னியே மேஸ்திரி?"

"ஆமாம்பா."

"நீ 'ம்'னு சொன்னன்னு வந்து எங்க அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். மேஸ்திரியே ஒத்துகினாருன்னு."

இது எனக்கு அதுவரை தெரியாது.

சேகர் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சுவரில் சாய்ந்து, அண்ணியைப் பார்க்க முடியாமல் தறி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பதினெட்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாண்ணா?" என்றாள் தனம். "கடைசி நாலு நாள் அவங்களுக்கு நல்லா நெனவு இருந்துச்சு. ஒரு வாய் கஞ்சி என் கையால வாங்கியிருப்பாங்க."

அவள் எழுந்து உள் அறைக் கதவைத் தள்ளினாள். சுவரில் இரண்டு படங்கள். குமரேசன் படத்தில் பிளாஸ்டிக் மாலை. அவன் அம்மா படத்தில் அன்று காலை போட்ட சாமந்தி மாலை.

"வாங்க," என்றாள். "எங்க அத்தகிட்ட சொல்லுங்க."

"அண்ணி, இன்னாத்துக்கு இதெல்லாம்," என்றான் சேகர்.

"நீ சும்மா இரு. அவர் சொல்லட்டும்."

செம்பை வைத்துவிட்டுப் போய்ப் படத்தின் முன்னால் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது சக்கரத்து ஜாயிண்ட் தேய்ந்திருந்தது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, உங்கள் மருமகள் மேல் தப்பு இல்லை என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து தனம் சொன்னாள்.

"சத்தமா சொல்லுங்கண்ணா. எங்க அத்தைக்குக் காது மந்தம்."

முதலிலிருந்து ஆரம்பித்து, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.